மாமியார் மெச்சிய ஸ்கிரிப்ட்

அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் சண்டையே போடமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. பேச்சில் பொய் இல்லை. வீட்டில் போடமாட்டார்கள், மெயிலில் போடுவார்கள். அதைக் கம்பெனியில் பாதிப் பேர் படிப்பார்கள்.

இருவருக்கும் ஒரே கம்பெனி. மருமகளுக்கு மூன்றாவது மாடி, மாமியாருக்கு ஐந்தாவது. காலையில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஒரே பஸ்ஸில் போவார்கள். சாயங்காலம் அப்படியே திரும்புவார்கள். நடுவில் இருக்கும் நேரத்தில்தான் வினை.

நாம் கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் அடியில் இருந்து உழைப்பது கெர்னல். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. விரிசல் விட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். அந்தக் கெர்னலில் விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளைத் தொகுப்புகளை, அதாவது ஸ்கிரிப்டுகளை, எழுதுவது மருமகளின் வேலை. தட்டிப் பார்க்கிற ஸ்கிரிப்டையே தட்டிப் பார்ப்பது மாமியாரின் வேலை. யார் எழுதினாலும் சரி, அவர் படித்து, 'சரி' என்று ஒரு வார்த்தை போட்டால்தான் ஸ்கிரிப்ட் கம்பெனியின் சோதனை வரிசைக்கு உள்ளே போகும். ஆபீசில் அவருக்குச் 'சல்லடை' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அவருக்குத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

வீட்டில் அதே மாமியார் வேறு ஆள். சோறு குழைந்தால், "மெல்லற வேலை மிச்சம்மா" என்பார். மருமகள் பாலைப் பொங்கவிட்டால் தானே துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, "அடுப்பையும் துடைச்சு ரொம்ப நாளாச்சு" என்பார். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பெயரும் பளிச்சென்று புரிய வேண்டும் என்று ஊரையே வாட்டுகிறவரின் சமையலறையில், உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களில், பெயர் எழுதாமல், ஒட்டி உட்கார்ந்திருந்தன. இதை மருமகள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மனசில் வைத்திருந்தாள்.

வேலைப் பேச்சு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது மாமியாரின் கண்டிப்பு. கெர்னல் வேலையில் இருக்கும் அத்தனை பேருக்கும் போகிற பொது மெயிலுக்கு 'லிஸ்ட்' என்று பெயர். எந்தக் குறையும் எந்தப் பதிலும் லிஸ்டில்தான் எழுத வேண்டும். வாயால் பேசி ஒத்துக்கொண்டதை நாளைக்கு வருகிறவன் எங்கே தேடிப் படிப்பான்? ஆகவே சாப்பாட்டு மேசையில் மருமகள், "அத்தை, அந்த ஸ்கிரிப்ட்ல..." என்று ஆரம்பித்தால், "லிஸ்ட்ல எழுதும்மா" என்று சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று கரண்டியை நீட்டுவார்.

மருமகளுக்கும் ஆபீசில் ஒரு பெயர் உண்டு: 'புலி'. வீரத்துக்குக் கிடைத்த பட்டம் என்று அவள் கணவன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மை வேறு. முன்பொரு முறை, கெர்னலில் பெரிய பிழை என்று அவள் ஊரைக் கூட்டிவிட்டாள். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுத் தேடினார்கள். கடைசியில் பார்த்தால், அவள் கம்ப்யூட்டரில் ஒரு ஒயர் சரியாகச் செருகவில்லை. அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தாலே யாராவது ஒருவர், "புலி வருது, புலி வருது" என்று ஆரம்பித்துவிடுவார்.

இப்போது நிஜமாகவே ஒரு புலி வந்திருந்தது.

ஒரே கோப்பில் இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் எழுதினால் குழப்பம். அதனால் ஒன்று எழுதும்போது கெர்னல் கோப்பைப் பூட்டி, மற்றதை வெளியே நிறுத்தி வைக்கும். உள்ளே இருக்கிற புரோகிராம் பாதியில் செத்துப்போனால், கெர்னலே பூட்டைத் திறந்துவிட வேண்டும். பெரும்பாலும் திறந்தது. எப்போதாவது ஒருமுறை மறந்தது. ஆளே இல்லாத குளியலறைக்கு வெளியே துண்டோடு காத்திருக்கிறவன் மாதிரி, அடுத்த புரோகிராம் நின்றுகொண்டே இருந்தது. மருமகள் இதைக் கண்ணால் பார்த்தாள். லிஸ்டில் எழுதினாள்.

கெர்னலில் அந்தப் பூட்டு வேலை முழுவதையும் எழுதியவர் ஒருவர் இருந்தார். பூட்டுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். அவர் லிஸ்டில் இப்படிப் பதில் எழுதினார்: 'புலி அம்மையார் ஒரு சோதனை ஸ்கிரிப்ட் எழுதி உள்ளே சேர்க்கட்டும். அது ஃபெயில் ஆனால் நான் திருத்துகிறேன். பாஸ் ஆனால் அம்மையார் கையேடு எழுதும் பிரிவுக்குப் போய்விடுவது எல்லோருக்கும் நிம்மதி.'

அவர் விளையாட்டாகத்தான் எழுதினார். ஆனால் மேனேஜர், 'நல்ல யோசனை' என்று அதன் கீழே எழுதினார். மேனேஜர் வாழ்க்கையில் ஒருமுறைகூட விளையாடியதில்லை. மருமகளும் ரோஷத்தில் 'சம்மதம்' என்று எழுதிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் அந்த ஸ்கிரிப்டைப் படிக்கப்போவது யார் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

ஒரே மூச்சில் உட்கார்ந்து முதல் பதிப்பை எழுதினாள். ஓட்டினாள். ஃபெயில்! ஸ்கிரிப்ட் ஃபெயில் ஆனதற்குச் சந்தோஷப்பட்டு நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றியவள் அந்த மாடியில் அவள் ஒருத்திதான். புலி கூண்டில் சிக்கியாயிற்று என்று லிஸ்டுக்கு அனுப்பினாள்.

ஐந்தாவது மாடியிலிருந்து பதில் வந்தது.

'தங்கள் ஸ்கிரிப்டைப் படித்தேன். இதில் எக்ஸ் என்று ஒருவர் வருகிறார். அடுத்து எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு என்று வருகிறார்கள். அண்ணன் தம்பிகளா? தயவுசெய்து பெயர் வைக்கவும். நடுவில் ஸ்கிரிப்டை மூன்று விநாடி தூங்கச் சொல்லியிருக்கிறீர்கள். யார் களைத்துப்போனார்கள் என்று குறிப்பு எழுதவும். கடைசியில் ஒரு ஃபோல்டரை மொத்தமாக அழிக்கிறீர்கள். அந்த ஃபோல்டரின் பெயர் காலியாக இருந்துவிட்டால் எதெல்லாம் அழியும் என்று தாங்கள் யோசித்தீர்களா? நான் யோசித்தேன். தூக்கம் போய்விட்டது.'

அன்றைக்குச் சாப்பிடும்போது மருமகள் பொதுவாகக் கேட்டாள். "ஏன் அத்தை, நைட்டு நல்லா தூங்கறீங்கதானே?"

"ஏம்மா?"

"இல்ல, குறட்டைச் சத்தம் நல்லா கேட்டுச்சு. அதான்."

"அது உன் வீட்டுக்காரன்."

கணவன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் பல் டாக்டர். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் பல வருஷமாகப் பத்திரமாக வாழ்ந்துவருகிறவன். தனியாகச் சிக்கியபோது மருமகள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா ஏங்க இப்படி இருக்காங்க?"

"எங்கம்மா எப்படி?"

"அவங்க எழுதினதைப் படிச்சீங்களா? அண்ணன் தம்பிங்களான்னு கேக்கறாங்க. மூணாவது மாடி முழுக்கச் சிரிக்குது."

"இங்க பாரு. மத்தவங்க வாயைத் திறக்க வைக்கறதுதான் என் தொழில். என் வாயைத் திறக்க வைக்காதே."

மருமகள் பெயர் வைத்தாள். குறிப்பு எழுதினாள். இரண்டாம் பதிப்பு போயிற்று. மாமியார் படித்துவிட்டு இன்னொரு யோசனை சொன்னார்: 'சோதனை ஓடும்போது, எத்தனையாவது முறை பூட்டுகிறது என்ற எண்கள் திரையில் தோன்றி மறைந்துவிடுகின்றன. பிறகு படிக்க விரும்புகிறவர் என்ன செய்வார்? திரையில் காட்டும்போதே ஒரு கோப்பிலும் எழுதிவைக்கவும். ஒரு வரியில் முடிகிற வேலை.'

இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு வரியில் முடிகிற வேலையும்கூட. மூன்றாம் பதிப்பில் சேர்த்துவிட்டாள். நான்காவதில் ஒரு குறிப்பு நீளம் என்றார், குறைத்தாள். ஒவ்வொரு பதிப்பிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பினாள். ஓட்டிப் பார்க்கவில்லை. ஒருவனுக்குச் சட்டையை மாற்றிவிட்டு, ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று யாராவது நாடி பிடித்துப் பார்ப்பார்களா?

ஐந்தாம் பதிப்புக்கு வந்த பதிலைப் படித்ததும் அவளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

'சரி. மிகத் தெளிவாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாம்.'

மாமியார் மெச்சிய மருமகளும் இல்லை, மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை என்பார்கள். அந்தப் பழமொழி அன்றைக்கு ஐந்தாவது மாடியில் உடைந்தது. மருமகள் அந்த மெயிலை போட்டோ பிடித்துக் கணவனுக்கு அனுப்பினாள். அவன் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினான். யாருக்குக் கும்பிடு என்று தெளிவாக இல்லை.

ஸ்கிரிப்ட் உள்ளே போயிற்று. கம்பெனியின் சோதனைக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் ஓடியது. பாஸ். எல்லாவற்றிலும் பாஸ். ஒரு இடத்தில்கூட ஃபெயில் ஆகவில்லை.

பூட்டுக்காரர் லிஸ்டில் ஒரே வரி எழுதினார்: 'பூட்டு நலம். புலி நலமா?'

மருமகள் ஸ்கிரிப்டைத் திறந்தாள். தன் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். பாஸ். திரும்பத் திரும்ப ஓட்டினாள். பாஸ், பாஸ், பாஸ். பழைய முதல் பதிப்பைத் தோண்டி எடுத்து ஓட்டினாள். அது இன்னும் அவ்வப்போது ஃபெயில் ஆயிற்று. அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முதல் பதிப்பைத் திறந்து பார்த்தால் எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு என்று எழுதினவளுக்கே தலைகால் புரியவில்லை. ஐந்தாம் பதிப்போ கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்றால், பரட்டைத் தலையோடு நிற்கிறவனைத்தானே போலீஸ்காரர் முதலில் பிடிப்பார்? குப்பை ஸ்கிரிப்ட் காட்டியது பொய்ப் புலி, தப்பு தன்மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் காபி மிஷின் பக்கத்தில் பூட்டுக்காரர் நின்றிருந்தார். காகிதக் கோப்பையை ஊதிக்கொண்டே, "வாங்க வாங்க. புலிக்குப் பால் காபியா, கறுப்புக் காபியா?" என்றார்.

"எதுவா இருந்தாலும் சரி சார்."

"கோபமா? சும்மா சொன்னேம்மா. கையேடு எழுதறதும் நல்ல வேலைதான். அங்க யாரும் எதையும் ஃபெயில் ஆக்க முடியாது."

மேனேஜர் அந்த வழியாக வந்தவர், "திங்கட்கிழமையிலேர்ந்து ரெண்டாவது மாடி, கையேட்டுப் பிரிவு. அங்க ஜன்னல் பெருசு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் அகராதியில் அது ஆறுதல்.

சாயங்கால பஸ்ஸில் மாமியார் ஜன்னலோர சீட்டை மருமகளுக்கு விட்டுக்கொடுத்தார். வழக்கமாக அது அவருடைய சீட்.

"அத்தை, நான் திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டாவது மாடி."

"தெரியும். லிஸ்ட்ல படிச்சேன்."

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுது. ரெண்டாவது மாடியில லிஃப்ட் நிக்காது. நல்ல செருப்பா வாங்கிக்கோ."

மருமகளுக்குச் சுருக்கென்றது. பதில் கொடுக்கத் திரும்பினாள். மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதிர் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் இருப்பது யானையா பூனையா என்றுகூடத் தெரியாது. மருமகள் பதிலை விழுங்கிவிட்டாள்.

சனிக்கிழமை கணவனின் கிளினிக்குக்குப் போனாள். வீட்டில் இருந்தால் மாமியாரின் பரிவு தாங்கவில்லை. கிளினிக்கின் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. மூன்றாவது மாடியைவிட்டுப் போவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை, வேறு ஒரு மிஷினில், புலியைத் தேடிப் பார்த்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. கெர்னலை ஏற்றினாள். ஸ்கிரிப்டைப் போட்டாள். ஓட்டினாள். முன்னறையில் கணவன் யாருக்கோ பல்லைக் குடைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாஸ்.

பெருமூச்சு விட்டபடி மூடப் போனாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கோப்பைப் பூட்டிப் பார்க்கிற குட்டிப் புரோகிராம் ஒன்று தனியாக உண்டு. ஸ்கிரிப்ட் வெறும் மேஸ்திரி. அந்தப் புரோகிராம்தான் வேலையாள். அதை இந்தக் கம்ப்யூட்டரில் போடவே மறந்துவிட்டிருந்தாள்.

வேலையாள் வரவே இல்லை. வேலை நன்றாக முடிந்தது என்கிறான் மேஸ்திரி.

நாற்காலி பின்னால் சாய எழுந்தாள். முன்னறைக்கு ஓடினாள். "ஆளே வரல! ஆளே வராம பாஸாயிடுச்சு!"

வாயைப் பிளந்தபடி படுத்திருந்த பேஷன்ட் மிரண்டுபோய், "ஆ... ஆ?" என்றார்.

"உங்களைச் சொல்லல சார், நீங்க வாயை மூடாதீங்க" என்றான் கணவன். பிறகு மனைவியிடம் மெதுவாக, "யாரு வரல? அடுத்த அப்பாயின்ட்மென்டா?"

அவள் அதற்குள் பின்னறைக்குத் திரும்பியிருந்தாள்.

நம் பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கினால் முதுகில் விழும். ஸ்கிரிப்ட் உலகத்தில் நேர்மாறு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கட்டளையும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். சைபர் என்றால் எல்லாம் சுபம். வேறு எது வந்தாலும் கோளாறு. அந்த எண்ணை வைத்துத்தான் பாஸா ஃபெயிலா என்ற தீர்ப்பு. ஒரு கட்டளை சொல்வதைக் குழாய் வழியாக இன்னொன்றுக்கு அனுப்பிவைத்தால், குழாயின் கடைசியில் இருப்பவன் சொல்லும் எண்தான் சபை ஏறும்.

மூன்றாம் பதிப்பில் சேர்த்த அந்த ஒற்றை வரி, சோதனையைக் குழாய் போட்டு ஒரு குமாஸ்தாவிடம் அனுப்பியது. திரையில் காட்டிக்கொண்டே கோப்பிலும் எழுதுகிற குமாஸ்தா. சோதனை, 'ஐயோ, பூட்டு திறக்கலை' என்று அலறியது. குமாஸ்தா அதை அழகாக எழுதி முடித்துவிட்டு, 'சைபர்' என்றான். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. எழுதச் சொன்னார்கள், எழுதினான். கம்பெனி முழுவதும் அவன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பூட்டு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டது.

ஆக, புலி இருக்கிறது. பரட்டைத் தலையன் சொன்னதுதான் நிஜம்.

மருமகள் ஒரு நிமிஷம் துள்ளினாள். அடுத்த நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது யார்?

பேஷன்ட்டை அனுப்பிவிட்டு வந்த கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தாடையைத் தடவினான்.

"இதுக்கென்ன? அந்த வரியைச் சத்தமில்லாம எடுத்துடு. சின்னத் திருத்தம்னு எழுதி அனுப்பு. அம்மா பேரும் கெடாது."

"அனுப்பலாம். சோதனை ஃபெயில் ஆகும். பூட்டுக்காரர் என்ன சொல்வாரு தெரியுமா? 'பாஸ் ஆனதும் புலி உக்காந்து, ஃபெயில் ஆகற வரைக்கும் மாத்தி எழுதியிருக்கு' அப்படிம்பாரு. ஏன் எடுத்தேன்னு காரணம் எழுதியே ஆகணும்."

"காரணம் எழுதினா?"

"காரணமே உங்கம்மாதான்."

"நான் அடுத்த பேஷன்ட்டைப் பாக்கறேன்" என்று அவன் போய்விட்டான். வெளியே நாற்காலியில் யாருமே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் கூடத்தில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மருமகள் தானும் ஒரு போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, ஒரு விஷயம் சொல்லணும்."

"ஸ்கிரிப்ட் விஷயமா?"

"ஆமாம்."

"லிஸ்ட்ல எழுதும்மா. அந்த முனையை நல்லா இழு."

"இது லிஸ்ட்ல எழுதற மாதிரி இல்ல, அத்தை."

மாமியார் நிமிர்ந்தார். "அப்படி ஒரு விஷயம் ஸ்கிரிப்ட்ல கிடையாது. நல்லதோ கெட்டதோ, லிஸ்ட்ல எழுது. இழுன்னு சொன்னேனே?"

மருமகள் இழுத்தாள். போர்வை மடிந்தது. மனசு மடியவில்லை.

அறைக்குள் போய் உட்கார்ந்தாள். ஆறாம் பதிப்பில் குழாயை எடுத்துவிட்டாள். சோதனை நேரே கோப்பில் எழுதட்டும். அது சொல்லும் எண்ணை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, அப்புறம் திரையில் காட்டினால் போயிற்று. இந்த முறை ஓட்டிப் பார்த்தாள். ஃபெயில். அடுத்து, வேலையாள் புரோகிராமை ஒளித்துவைத்துவிட்டு ஓட்டினாள். ஃபெயில். நல்லது.

விளக்கம் எழுதத்தான் நேரமாயிற்று. எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் இப்படி முடித்தாள்: 'மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஒரு வரி, சோதனையின் தோல்வியை மறைத்துவிட்டது. அதனால் அன்றுமுதல் வந்த பாஸ் எதுவும் செல்லாது. அந்த வரி நீக்கப்பட்டிருக்கிறது.'

சேர்க்கப்பட்டது. நீக்கப்பட்டிருக்கிறது. யார் செய்தார்கள்? யாரும் இல்லை. காற்றடித்து வந்து ஒட்டிக்கொண்ட வரி. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு அனுப்பினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மாமியார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார். மருமகள் எழுந்து போய்க் கதவைத் திறக்கலாமா என்று நினைத்தாள். திறந்து என்ன சொல்வது? எழுதியாயிற்று.

பதில் வந்தது.

'தங்கள் ஆறாம் பதிப்பைப் படித்தேன். ஸ்கிரிப்ட் சரி. விளக்கம் தெளிவாக இல்லை. சேர்க்கப்பட்டது என்கிறீர்கள். யார் சேர்க்கச் சொன்னது? ஏன் சொன்னார்? சொன்னவர் ஓட்டிப் பார்த்தாரா? இவை இல்லாவிட்டால், நாளை இதே யோசனையை அவர் இன்னொருவருக்குச் சொல்வார். பெயர் குறிப்பிட்டுத் திருத்தி அனுப்பவும்.'

மருமகள் இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. மனுஷி தன்னைத் தூக்கிலே போடுவதற்குக்கூடக் கயிற்றைச் சரியாக முறுக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறாளே!

ஏழாம் பதிப்பில் உள்ளது உள்ளபடி எழுதினாள். மாமியார் கேட்டது, தான் சேர்த்தது, இருவருமே ஓட்டிப் பார்க்காமல் விட்டது, பழைய பதிப்பு ஃபெயில் ஆனபோதும் அழகான பதிப்பையே தான் நம்பியது. பதில் உடனே வந்தது: 'சரி.'

ஞாயிற்றுக்கிழமை மாமியார் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. அதே யோசனையை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருந்தார். எல்லோரும் பக்தியோடு சேர்த்திருந்தார்கள். எதையெல்லாம் தேடிப் பிடித்தாரோ, அதையெல்லாம் லிஸ்டில் எழுதிவிட்டார்: 'கீழ்க்கண்ட சோதனைகள் என் யோசனையால் கெட்டவை. இவற்றின் பாஸ்களை நம்ப வேண்டாம். திருத்தி அனுப்பியிருக்கிறேன், யாராவது கடுமையாகப் படிக்கவும்.'

திங்கட்கிழமை ஆபீஸ் ஒரே அமளி. பல வருஷமாகப் பாஸாகிக்கொண்டிருந்த சோதனைகள் வரிசையாக ஃபெயில் ஆயின. புது வெளியீடு தள்ளிப்போயிற்று. லிஃப்டில் மாமியாரைப் பார்த்தவர்கள் மேலே ஓடும் மாடி எண்ணைப் படித்தார்கள். மேனேஜர் மருமகளிடம் வந்து, "ரெண்டாவது மாடி ஜன்னல் ரிப்பேராம்" என்றார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கும் விதம்.

பூட்டுக்காரர் மட்டும் அன்று முழுவதும் கண்ணில் படவில்லை. மறுநாளும் இல்லை. புதன்கிழமை மத்தியானம் மூன்றாவது மாடிக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். ஒரு கையில் காகிதக் கோப்பை, இன்னொரு கையில் லேப்டாப்.

"பிழை இருக்குதும்மா" என்றார். "உள்ள இருக்கறவன் சாகற நேரத்துல ரெண்டு பேர் சேர்ந்து சாவியைக் கேட்டா, நான் பூட்டைத் திறக்க மறந்துடறேன். திருத்தியிருக்கேன். லிஸ்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி..." கொஞ்சம் இழுத்தார். "நீ ஒரு தடவை ஓட்டிப் பாத்துச் சொல்றியா?"

மருமகள் அவருடைய திருத்தத்தைத் தன் மிஷினில் ஏற்றினாள். ஸ்கிரிப்டை ஓட்டினாள். எண்கள் திரையில் ஓடின. பூட்டுக்காரர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் மாதிரி அவர் மூச்சு பிடரியில் பட்டது.

எண்கள் நின்றன. கடைசியில் சைபர்.

"பாஸா?" என்றார் பூட்டுக்காரர்.

"பாஸ்னுதான் சொல்லுது."

"அப்போ அனுப்பிடட்டுமா?"

மருமகள் பக்கத்து மேசைக்கடியிலிருந்து ஒரு காலி நாற்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"என்ன சார் அவசரம்? உக்காருங்க. உங்க திருத்தத்தை எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டறேன். முதல்ல இது ஃபெயில் ஆகுதான்னு பாப்போம்."

அவர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.